டஸ்கனியின் வெண்சாலைகளுக்குப் புறப்படும் தமிழ்ச் சைக்கிள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தார்ச்சாலையில் ஓட்டிப் பழகிய நம்மவர்கள் பலர் அண்மைக் காலமாகச் சரளைப் பாதைகளின் பக்கம் திரும்பியிருப்பதும், அவர்களுடைய பேச்சில் இத்தாலியின் டஸ்கனி மாநிலமும், சியேனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளும், அங்குள்ள வெள்ளைச் சரளைச் சாலைகளும் அடிக்கடி இடம்பெறுவதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகின்றன. சென்னை, கோவை நண்பர்களும், இலண்டன், பாரிஸ், சூரிச் நகரங்களில் வாழும் நண்பர்களும் அங்கே சேர்ந்து ஓட்டத் திட்டமிடுகிறார்கள் என்று அறிகிறேன். அந்தச் சாலைகளில் ஓட்டியவன், அவற்றின்மேல் ஆழ்ந்த பற்றுக் கொண்டவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் திட்டங்களில் பெரும்பாலானவை பழைய சைக்கிள்களின் திருவிழாவான லெரோயிக்காவின் 209 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான வழியை ஒரே நாளில் முடிப்பதையோ, அச்சாலைகளில் மார்ச் மாதம் நடக்கும் தொழில்முறைப் பந்தயத்தின் வாரத்தில் சென்று பந்தய வீரர்கள் ஓட்டிய பகுதிகளை நேரக் கணக்கு வைத்து ஓட்டுவதையோ இலக்காகக் கொண்டுள்ளன. இரண்டையும் கைவிட்டு, அதே வழியை நான்கு நாட்களாகப் பிரித்து, வசந்த காலத்தில், அந்த நிலத்தில் உழைப்பவர்களின் விருந்தினராக ஓட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள். இப்படிக் கேட்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது அந்தச் சாலைகள் உருவான வரலாறு.

சியேனாவைச் சூழ்ந்த குன்றுகளில் பல நூற்றாண்டுகளாக, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரச் சாகுபடி முறை நிலவியது. நிலம் உடைமையாளருடையது, உழைப்பு உழவர் குடும்பத்துடையது, விளைச்சலில் ஏறத்தாழப் பாதி உடைமையாளருக்குப் போய்விடும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு விடப்பட்ட நிலத்தின் நடுவிலேயே கல்வீட்டில் வாழ்ந்ததால், ஊரை விட்டுத் தள்ளித் தனித்தனியாக நின்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் ஒரு வண்டிப்பாதை தேவைப்பட்டது. அறுத்த கோதுமையும் பறித்த திராட்சையும் பிழிந்த எண்ணெயும் அந்தப் பாதைகளின் வழியாகவே பண்ணைத் தலைமையிடத்துக்குச் சென்றன. பள்ளத்தில் மழைநீர் தேங்கும் என்பதால் பல பாதைகள் குன்றின் முகட்டை ஒட்டியே போடப்பட்டன. அக்கம்பக்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பியதால் அவை வெண்மையாயின. இன்று நாம் ஓட்டும்போது இரு பக்கமும் விரியும் அகன்ற காட்சிக்கும், முகட்டிலிருந்து சட்டென்று ஓடைக்கு இறங்கி மீண்டும் செங்குத்தாக ஏறும் அந்தக் கொடிய ஏற்றங்களுக்கும் காரணம், மாட்டுவண்டி ஓட்டிய உழவரின் தேவைதான். பந்தயத்துக்காக எவரும் அந்தச் சாலைகளை வகுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த முறை தளர்ந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வாரச் சாகுபடி ஒப்பந்தங்களைத் தடை செய்தபோது, உழவர் குடும்பங்கள் ஏற்கெனவே நகரத் தொழிற்சாலைகளை நோக்கிப் பெருமளவில் வெளியேறிக்கொண்டிருந்தன. கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன, பாதைகளில் புல் முளைத்தது. பிறகு வந்த பத்தாண்டுகளில் வெளியூராரும் வெளிநாட்டாரும் வீடுகளை வாங்கிப் புதுப்பித்தார்கள், ஒயின் தொழில் மீண்டெழுந்தது, 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வளம் திரும்பியதும் தாரும் வந்தது. தூசியும் குழியும் இல்லாத சாலையை விரும்பிய குடியிருப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. ஆண்டுதோறும் சமன் செய்து, ஓரக் கால்வாய்களைத் தூர்வாரி, மழை அரித்த இடங்களை நிரப்ப வேண்டிய சரளைச் சாலையைவிடத் தார் போட்டுவிட்ட சாலை சிறிய நகராட்சிக்கு நிம்மதி தருவது இயல்பே.

இந்நிலையில்தான் கியாந்தி என்னும் ஒயின் வட்டாரத்திலுள்ள கயோலே இன் கியாந்தி என்னும் சிற்றூரில் ஜான்கார்லோ புரோக்கி 1997இல் லெரோயிக்காவைத் தொடங்கினார். முதல் ஆண்டில் ஓட்டியவர்கள் 92 பேர். பழைய சைக்கிள், பழைய கம்பளிச் சட்டை, வழியில் ரொட்டியும் காய்கறிச் சூப்பும் ஒயினும் என்று அது வெறும் ஏக்கத்தின் திருவிழாவாகத் தோன்றலாம். ஆனால் அதன் நோக்கங்களுள் ஒன்று எஞ்சியிருந்த வெண்சாலைகளைத் தாரிலிருந்து காப்பாற்றுவது. மக்கள் இந்தச் சாலைகளைத் தேடி வருவார்கள் என்று காட்டினால், அவற்றை அப்படியே வைத்திருக்க நகராட்சிகளுக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்ற எண்ணம் பலித்தது. இன்று அக்டோபர் மாதத்தில் நடக்கும் அந்த நிகழ்வுக்குப் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். நிகழ்வில் பொதுவாக 1987க்கு முன் செய்யப்பட்ட பந்தயச் சைக்கிள்களுக்கே இடம் என்றாலும், அதன் 209 கிலோமீட்டர் வழி பழுப்பு நிறப் பலகைகளுடன் ஆண்டு முழுவதும் எல்லாருக்கும் எல்லா வகைச் சைக்கிளுக்கும் திறந்திருக்கிறது. கட்டணமோ அனுமதியோ தேவையில்லை.

லெரோயிக்காவின் வழித்தோன்றலாக 2007 அக்டோபரில் தொழில்முறைப் பந்தயம் ஒன்று பிறந்தது. மறு ஆண்டே மார்ச் மாதத்துக்கு மாறி, ஸ்த்ராதே பியாங்கே என்ற பெயரில் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. 2015 முதல் பெண்களுக்கான பந்தயமும் நடக்கிறது. சியேனாவின் காம்போ சதுக்கத்தில், சாந்தா கத்தரீனா தெருவின் கடும் ஏற்றத்துக்குப் பின் முடியும் அந்தப் பந்தயத்தை நானும் நெஞ்சு படபடக்கப் பார்ப்பவன்தான். 2024இல் மோந்தே சாந்தே மரியே என்ற சரளைப் பகுதியில் ஸ்லோவேனிய வீரர் தாதெய் பொகாச்சர் தனியாகப் பிரிந்து 81 கிலோமீட்டர் தனித்தே ஓட்டி வென்றதைக் கண்ட எவருக்கும் அந்த இடத்தில் தானும் ஒருமுறை முழு வேகத்தில் மிதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும். ஆனால் பந்தய நாளில் அந்தச் சாலைகள் மூடப்பட்டிருக்கும், எதிரே டிராக்டர் வராது, ஒவ்வொரு வளைவிலும் காவலர் நிற்பார். மற்ற நாட்களில் அவை இருபுறப் போக்குவரத்துள்ள, ஒரு வண்டி அகலமேயான பண்ணைப் பாதைகள். பார்வை மறைந்த வளைவில் ஒயின் பெட்டிகளை ஏற்றிய வேனும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய காரும் வரும். அங்கே இறக்கத்தில் நேரம் பிடிக்க முயல்வது, பிழைப்புக்காக அந்தச் சாலையைப் பயன்படுத்துபவரின் உயிரோடு விளையாடுவது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

லெரோயிக்கா என்றாலே ஒரே நாளில் படும் பாடுதானே, அதைப் பிரித்தால் பொருள் குறையாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்த நிகழ்வே நேரம் பார்க்கும் பந்தயம் அன்று. ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டு, பேசிவிட்டுக் கிளம்புகிறார். மேலும் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட மொத்த ஏற்றத்தையும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சரளையையும் ஒரே நாளில் கடக்க வேண்டுமானால் இருட்டில் புறப்பட்டு இருட்டில் சேர வேண்டியிருக்கும். பகலின் பிற்பாதியில், களைத்த கைகள் பிரேக்கை இறுகப் பிடித்தபடி இருக்கும்போது, கண்ணுக்குத் தெரிவது முன்சக்கரத்துக்கு மூன்றடி முன்னால் உள்ள கற்கள் மட்டுமே. அவ்வளவு தொலைவு பயணம் செய்து அங்கே போவது அதற்காகவா?

நான்கு நாட்களாகப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரும். முதல் நாள் கயோலேயிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்திலேயே பிரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் மரச் சாலை வந்துவிடும். லெரோயிக்கா நாளில் விடியுமுன் இந்த ஏற்றத்தின் இரு மருங்கிலும் விளக்கு ஏற்றி வைப்பார்கள். கோட்டை 1141 முதல் ரிக்காசொலி குடும்பத்துடன் தொடர்புடையது. அக்குடும்பத்தின் பெத்தீனோ ரிக்காசொலி ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது தலைமை அமைச்சராக இருந்தவர். கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சையை எவ்வாறு கலக்க வேண்டும் என்று பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 1872இல் ஒரு பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வகுத்துத் தந்தார். சான்ஜோவேசே என்னும் கருந்திராட்சையை அவர் முதன்மையாக வைத்தது இன்றுவரை அந்த நிலத்தின் சுவையைத் தீர்மானிக்கிறது. இன்றைய கியாந்தி கிளாசிகோ ஒயினில் அது 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கோட்டையைத் தாண்டும்போது சற்றே நின்று சாலையோரத் தோட்டத்து மண்ணைப் பாருங்கள். கையால் உடைத்தால் தகடு தகடாகப் பிரியும் களிப்பாறையும், வெளிறிய சுண்ணாம்புக் கல்லும் கலந்து கிடக்கும். உழவர்கள் முன்னதைக் கலேஸ்த்ரோ என்றும் பின்னதை அல்பெரேசே என்றும் அழைக்கிறார்கள். திராட்சை வேரூன்றிய அதே கற்கள் உங்கள் டயருக்கு அடியிலும் நொறுங்கும்.

கியாந்தி முழுவதும் திராட்சைத் தோட்டமே பரந்து கிடக்கும் என்று படங்களைப் பார்த்து எதிர்பார்ப்பவர்கள் அங்கே வியப்படைவார்கள். அந்தப் பகுதியில் பெரும்பங்கு ஓக்கும் செஸ்ட்நட்டும் அடர்ந்த காடு. தோட்டங்கள் காட்டுக்கு நடுவே வெயில் விழும் சரிவுகளில் மட்டும் தெளிந்து நிற்கின்றன. 1716இல் டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ கியாந்தி உள்ளிட்ட பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தபோதும் நிலம் இப்படித்தான் காடும் தோட்டமும் கலந்து கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். காட்டுக்குள் செல்லும் பாதைகளில் நிழல் உண்டு, காட்டுப்பன்றிகளும் உண்டு. இலையுதிர் காலத்தில் பன்றி வேட்டை நடக்கும் நாட்களில் பாதை முகப்பில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அதைக் கண்டால் வழியை மாற்றிக்கொள்ளுங்கள், விவாதிக்க வேண்டாம்.

சியேனாவின் தெற்குப் புறத்தில் ராதி, முர்லோ பகுதிகளைக் கடந்து, இரண்டாம் நாள் மொந்தால்சீனோவை நோக்கி ஏறுவீர்கள். காஸ்திலியோன் தெல் போஸ்கோ வழியாகச் செல்லும் அந்தச் சரளை ஏற்றம் நீளமானது, பொறுமையைக் கேட்பது. ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரை அடைந்ததும் நாலாபுறமும் பார்வை திறந்துகொள்ளும். முழுக்க முழுக்கச் சான்ஜோவேசேயில் செய்யப்பட்டுப் பல ஆண்டுகள் முதிரவைக்கப்படும் புருனெல்லோ என்னும் ஒயின் இங்கேதான் உருவாகிறது. ஒரே நாளில் 209 கிலோமீட்டரையும் முடிக்க நினைப்பவர் இந்த ஊரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார். நீங்கள் ஓர் இரவு தங்குங்கள்.

மூன்றாம் நாளில் திராட்சை பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதே இந்த வழியின் தனிச்சிறப்பு. ஒரு புறம் யுனெஸ்கோ 2004இல் உலகப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த ஓர்ச்சா பள்ளத்தாக்கின் விளிம்பு, மறுபுறம் கிரேத்தே செனேசி என்னும் களிமண் குன்றுகள். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த சாம்பல் நிறக் களி இங்கே மேலே வந்து கிடக்கிறது. திராட்சைக்கு அவ்வளவாக ஒத்துவராத இந்த மண்ணில் கோதுமை விளைகிறது, செம்மறி ஆடுகள் மேய்கின்றன. வாரச் சாகுபடி முறை குலைந்து உழவர்கள் வெளியேறியபோது, ஆளற்றுக் கிடந்த இந்த நிலங்களுக்குச் சார்தீனியத் தீவிலிருந்து ஆட்டிடையர்கள் வந்து குடியேறினார்கள். இப்பகுதியின் புகழ்பெற்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது. மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் வேகமாக மிதித்துத் தப்ப முயலாதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அமைதியாக நடந்து மந்தையைக் கடந்துவிடுங்கள்.

அஷ்ஷானோ என்னும் ஊரில் தங்கி நான்காம் நாள் காலையிலேயே மோந்தே சாந்தே மரியேயில் நுழைவது நல்லது. 11.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதிக்கு, ஸ்த்ராதே பியாங்கேயை மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மரநிழல் அரிது, வீடுகள் அரிது, முகட்டின் மேல் வளைந்து வளைந்து செல்லும் வெண்சாலை மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடி இழந்து சுழலும் என்பதால் இருக்கையில் அமர்ந்தபடியே சிறிய கியரில் சீராக ஏற வேண்டும். இறக்கங்களில், வண்டிகள் ஓடி இறுகிய தடத்தை விட்டு நடுவில் குவிந்த உதிரிச் சரளைக்குள் சக்கரம் போனால் கைப்பிடி நம் சொல் கேட்காது. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிப்பதால்தான் அங்கே பெரும்பாலோர் விழுகிறார்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். அதன்பின் காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா பகுதியில் மீண்டும் திராட்சை தலைகாட்டும், வாலியாலி, ராத்தா வழியாகக் காடும் தோட்டமும் மாறி மாறி வந்து கயோலேயில் சுற்று நிறையும். கடைசி நாளின் ஏற்றங்களே மிகவும் கடினமானவை. அவற்றை 150 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த காலோடு ஏறுவதற்கும், நன்றாக உறங்கி எழுந்த காலோடு ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

பருவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சாலைகளின் இயல்பையே மாற்றுவது வானிலைதான். 2010ஆம் ஆண்டு ஜீரோ தித்தாலியா என்னும் பல நாள் பந்தயத்தில், மொந்தால்சீனோவில் முடிந்த கட்டத்தன்று மழை கொட்டியது. கேடல் எவன்ஸ் வென்றபோது அவர் அணிந்திருந்த உலக வாகையர் சட்டையின் வானவில் கோடுகள் சேற்றில் மறைந்து போயிருந்தன. 2018 மார்ச்சில் நடந்த ஸ்த்ராதே பியாங்கேயும் அப்படித்தான் மழையிலும் குளிரிலும் கழிந்தது. மாறாக, பெருந்தொற்றால் 2020இல் ஆகஸ்ட் முதல் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்ட பந்தயத்தில் வீரர்கள் வெக்கையிலும் புழுதியிலும் துவண்டார்கள். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கிரேத்தேயின் களிமண், மழைக்குப் பின் நம் கரிசல் காட்டு மண் போலவே காலையும் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே அப்பி சக்கரத்தையே நிறுத்திவிடும். பெருமழை பெய்த மறுநாள் ஓட்டினால் நமக்குத் தொல்லை என்பது ஒரு புறம் இருக்க, ஈரச் சாலையில் நாம் பதிக்கும் ஆழ்ந்த தடங்கள் காய்ந்து இறுகி மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அவற்றில் அடுத்த மழைநீர் ஓடிச் சாலையை அரிக்கும்.

ஆகவே ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரை செல்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கோதுமை பச்சையாக இருக்கும், பகல் நீளமாக இருக்கும், சாலைகள் குளிர்கால மழைக்குப் பின் உலர்ந்திருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை திராட்சை அறுவடை நடக்கிறது. அதைக் காண வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் ஓராண்டு உழைப்பின் பலன் சில வாரங்களில் உள்ளே வர வேண்டிய அந்த நாட்களில், தொட்டி இணைத்த டிராக்டர்கள் காலை முதல் மாலை வரை அதே குறுகிய பாதைகளில் போய்வருகின்றன. பத்துப் பதினைந்து பேர் கொண்ட நம் குழு ஒவ்வொன்றும் அவர்கள் வேலைக்கு இடையூறுதான். அறுவடைக் காலத்தில் போயே தீர வேண்டுமானால் மூவர் நால்வராகப் பிரிந்து செல்லுங்கள்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர், உள்குழாய் இல்லாத ட்யூப்லெஸ் வகை என்றால் இன்னும் நல்லது. காற்றழுத்தத்தைத் தார்ச்சாலையில் வைப்பதைவிட நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலை அலையாக வரி விழுந்த தரையில் கைகள் மரத்துவிடும். முன்பற்சக்கரத்தைவிடப் பின்பற்சக்கரம் பெரிதாக அமையும் அளவுக்குத் தாழ்ந்த கியர் இருப்பது மானக்கேடு அன்று. 15 விழுக்காட்டைத் தாண்டும் ஏற்றங்களில் அதுதான் கைகொடுக்கும். குழுவில் வயதானவரோ புதியவரோ இருந்தால் மின்சைக்கிள் வாடகைக்கு எடுக்கட்டும். அதைக் கேலி செய்யும் குழுவில் சேர எனக்கு விருப்பமில்லை. குடிநீருக்கு ஊர்ப் பொதுக்குழாய்கள் உண்டு. ஊரே இல்லாத இடத்தில் கல்லறைத் தோட்டங்களின் குழாய்கள் உதவும். அங்கே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சத்தமின்றி நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

இனி நடத்தையைப் பற்றி. இத்தாலியச் சாலைச் சட்டப்படி ஊர்ப்புறத்துக்கு வெளியே சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல வேண்டும். இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளி எதிரொளிக்கும் மேலாடை கட்டாயம். நம் குழுக்களில் இரண்டிரண்டாகப் பேசிக்கொண்டே போகும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சரளைச் சாலையில் அது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் எதிரே வாகனம் வரும்போது ஒதுங்க உறுதியான ஓரம் இராது. டிராக்டர் வந்தால் நின்று வழிவிடுங்கள். வீடுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள், முன்வாசலில் துணி காயும், முதியவர் அமர்ந்திருப்பார், குழந்தை விளையாடும். தோட்டத்து வரிசைகளுக்குள் படமெடுக்க நுழைவதும், ஒரு கொத்துதானே என்று பழுத்த திராட்சையைப் பறிப்பதும் பிறர் நிலத்தில் அத்துமீறுவதும் களவுமாகும். சங்கிலி குறுக்கே கட்டிய பாதை, செயலியின் வரைபடத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், தனியார் பாதையே.

ஒயினைப் பற்றி நான் தயங்காமல் சொல்ல விரும்புவது: மாலையில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிய பின்புதான் குடிக்க வேண்டும். ஒயின் நாட்டில் ஓட்டும் பயணம் என்றதும் ஒவ்வொரு பண்ணையிலும் நின்று சுவைத்துக்கொண்டே போவதாகத் திட்டம் போடுகிறார்கள். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற சட்ட வரம்பு அங்கே சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், நீரிழந்த உடலில் நண்பகலில் விழும் இரண்டு கோப்பை, மதியத்து இறக்கத்தில் என்ன செய்யும் என்பதை நினைத்தாலே போதும். குடிக்காதவர்களும் நம்மில் பலர். அவர்களுக்கு எண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பில்லாத அந்த ஊர் ரொட்டி, பருப்பும் காய்கறியும் போட்டுக் காய்ச்சிய கெட்டிச் சூப்பு ஆகியவையே நிறைவான விருந்து. சைவ உணவு கிடைக்குமா என்று கேட்பவர்கள் பயப்பட வேண்டாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். ஒயின் நிலவறையைப் பார்க்க விரும்பினால் நேரம் முன்பதிவு செய்து, சொன்ன நேரத்துக்குச் செல்லுங்கள். புழுதி அப்பிய காலணியோடு பத்துப் பேர் அறிவிப்பின்றி வாசலில் நிற்பது, வேலையிலிருக்கும் சிறு பண்ணைக்கு உதவியாகாது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வெளியூரில் தங்கி, வேனில் சைக்கிளை ஏற்றி வந்து, மூன்று சரளைப் பகுதிகளை மட்டும் ஓட்டிவிட்டு அன்றே திரும்பும் குழுக்கள் அந்தச் சாலைகளில் தடம் மட்டும் விட்டுச் செல்கின்றன. சாலையைச் சமன் செய்யும் இயந்திரத்துக்கும் கால்வாய் தூர்வாரும் ஆட்களுக்கும் செலவிடுவது சிறிய நகராட்சிகள். அங்கே தார் போடாமல் இருப்பதற்கு மக்கள் இன்னும் சம்மதிக்கிறார்கள் என்றால், சரளையைத் தேடி வருபவர்கள் ஊரில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கடையில் வாங்குகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். புழுதியை அன்றாடம் பொறுத்துக்கொள்பவர்கள் அவர்கள். நான்கு நாள் திட்டத்தில் நான்கு ஊர்களில் நம் செலவு தங்கும். கயோலேவுக்கு இரயில் இல்லை என்றாலும் சியேனாவுக்கும் அஷ்ஷானோவுக்கும் புவோன்கொன்வெந்தோவுக்கும் வட்டார இரயில்கள் உண்டு, அவற்றில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே துணை வேன் இல்லாமலேயே பயணத்தை அமைக்க முடியும். யாருக்காவது நடுவில் முடியாமல் போனால் திரும்பவும் அதே இரயில் வழி இருக்கிறது.

எனவே குழுக்களை நடத்துபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த கூட்டத்தில் நேர இலக்கைத் திட்டத்திலிருந்து நீக்குங்கள். ஓட்டுநர்களை நால்வருக்கு மிகாத சிறு அணிகளாகப் பிரித்து அரை மணி இடைவெளியில் புறப்படச் செய்யுங்கள். ஒவ்வோர் அணியிலும் வழியை முன்பே படித்தவர் ஒருவர், முதலுதவி தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய 112 என்ற எண் அனைவர் கைபேசியிலும் இருக்கட்டும், பள்ளங்களில் அலைவரிசை கிடைக்காது என்பதால் தனியாக எவரையும் பின்தங்க விடாதீர்கள். பெருமழை பெய்தால் ஒரு நாள் காத்திருக்கும்படி திட்டத்தில் ஓர் உபரி நாளைச் சேர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பண்ணை வீடுகளின் அறைகள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. மொந்தால்சீனோவிலும் அஷ்ஷானோவிலும் தங்குமிடங்களுக்கு குளிர்காலத்திலேயே எழுதி, சைக்கிள்களைப் பூட்டி வைக்க இடமும் அவற்றைக் கழுவத் தண்ணீரும் உண்டா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே சரளையில் ஓட்டும் நண்பன்